விறகு சும்மா கிடைக்குதா?

சித்திரை லீவுக்கு என் மச்சினன் மகன் பெண்டாட்டி பிள்ளையோட ஊருக்கு வந்துட்டுப் போனான். சென்னையில கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. வந்த மறுநாள் காலையில, "அத்தை, இன்னிக்கு கேஸ் வேணாம். விறகடுப்புல நாட்டுக்கோழி வைங்க, அந்த ருசியே தனி"ன்னு கேட்டான். அண்ணன் மகன் கேட்டா என் வீட்டுக்காரி மறுப்பாளா? கொல்லையில் கிடந்த மண் அடுப்பை மெழுகி, பருத்தி மாரைப் போட்டுப் பற்றவைத்து, மேலே சீமைக் கருவேலங்கட்டையை அடுக்கி ஊதுகுழலால் ஊத ஆரம்பித்தாள். இவன் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னாடி நின்று வீடியோ எடுத்தான்.

சாப்பாடு பிரமாதம். அதில் பொய் சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் வீடியோவைக் காட்டினான். பின்னாடி பாட்டெல்லாம் சேர்த்திருந்தான். ஊதுறா, தீ பிடிக்குது, மண்சட்டியில குழம்பு தளதளன்னு கொதிக்குது. பார்க்க நல்லாத்தான் இருந்தது. ஆனா என்னமோ குறையுதேன்னு எனக்குப் பட்டது. "ஏப்பா, நடுவுல ஏதோ விட்டுப்போச்சா?"ன்னேன். "ஆமா மாமா. அத்தை இருமிக்கிட்டே இருந்தாங்க, அந்த இடத்தையெல்லாம் கட் பண்ணிட்டேன்"னான்.

அவன் மேல குத்தம் சொல்ல இதை எழுதவில்லை. நல்ல பையன். அந்த இருமலை வெட்டிப்போட்டது அவன் மட்டும் இல்லை. முப்பது வருசமா நானும் அதைத்தான் செய்திருக்கிறேன். என்ன, என்னிடம் வீடியோ இல்லை. மூணு மாசமா மனசுக்குள்ள கிடந்ததை இப்பத்தான் எழுத உட்கார்ந்திருக்கேன். மிளகாய் விலையைப் பற்றி எழுதச் சொன்னவர்கள் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

டவுன்ல இருக்கிற உங்களுக்கு விறகுன்னா ஒண்ணுதான். எங்க ஊர்ப் பொம்பளைகளுக்கு அப்படி இல்லை. எங்கள் ஊர் மானாமதுரைக்கும் பரமக்குடிக்கும் நடுவில் இருக்கு. கண்மாய்ப் பாசனம், வானம் பார்த்த பூமி. இங்கே பருத்தி மாரு ஒரு மாதிரி, துவரை மிளாறு ஒரு மாதிரி, எள்ளுக்கட்டை ஒரு மாதிரி. இதெல்லாம் சட்டுன்னு பிடிச்சு சட்டுன்னு அவிஞ்சு போகும். பற்றவைக்கவும், தோசை சுடவும் சரி. அடுப்பை விட்டு அங்கிட்டு இங்கிட்டு நகர முடியாது, தள்ளிக்கிட்டே இருக்கணும். மிளகாய் மாரை எரித்தால் தெருவே இருமும். பனை மட்டை, தென்னம்பாளை இரண்டும் நல்லா நின்று எரியும். புளியங்கட்டை கிடைத்தால் யோகம், கங்கு ரொம்ப நேரம் நிற்கும். முருங்கை அடுப்புக்கும் ஆகாது, தூணுக்கும் ஆகாது. வறட்டி தீயாய் எரியாது, புகைந்து புகைந்து கனியும். பால் காய்ச்ச அதுதான் வசதி. பால் பொங்காது, அடிப்பிடிக்காது, மெதுவா ஆடை கட்டும். என் அப்பத்தா வறட்டித் தணலில் வைத்துக் காய்ச்சிய பாலில் உறையூற்றிய தயிரைக் கத்தியால் வெட்டலாம்னு சொல்லுவாங்க. கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாங்க.

இத்தனைக்கும் மேலே ராஜா சீமைக் கருவேலம். எங்கள் பக்கம் எல்லோரும் திட்டுகிற மரம், எல்லோரும் எரிக்கிற மரம். அமெரிக்கக் கண்டத்து மரம். வெள்ளைக்காரன் காலத்தில், 1870-களில் இந்தியாவுக்குள் வந்தது. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னபோது ஊர் ஊராக பொக்லைன் வைத்துப் பிடுங்கினார்கள். அடுத்த மழைக்கு மறுபடியும் முளைத்தது. கண்மாய்க்குள் அது நிற்கிறது விவசாயத்துக்குக் கேடு, சந்தேகமே இல்லை. ஆனால் அடுப்புக்கு அது மாதிரி கட்டை கிடையாது. கனமான கட்டை, பச்சையாகவே எரியும், பொறி தெறிக்காது, கங்கு நிற்கும். முள் குத்தினால் ஒரு வாரம் நொண்டணும், அது தனிக்கதை.

இப்போ கொஞ்சம் பள்ளிக்கூடப் பாடம். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும்தான். ஆனாலும் எங்கள் அறிவியல் வாத்தியார் செய்து காட்டிய ஒன்று மறக்கவே இல்லை. எரிகிற மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார். திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை மேலே போனது. அந்தப் புகையில், திரியைத் தொடாமல், தீக்குச்சியைக் காட்டினார். தீ புகை வழியாக இறங்கி வந்து திரியைப் பற்றிக்கொண்டது! உங்கள் வீட்டில் இன்றைக்கு ராத்திரியே செய்து பாருங்கள். புகைன்னு நாம நினைச்சது எரியாமல் ஓடிப்போன மெழுகு.

விறகும் அதே கதைதான். கட்டை நேரடியாக எரிவது கிடையாது. முதலில் அதில் இருக்கிற தண்ணீர் கொதித்து ஆவியாகும். அதற்கு மேலே சூடு ஏறி இருநூறு, முந்நூறு டிகிரியைத் தொடும்போது கட்டை சிதைந்து உள்ளிருந்து வாயு வெளியே வரும். அந்த வாயு காற்றோடு கலந்து எரிவதுதான் நாம் பார்க்கிற ஜுவாலை. வாயு எல்லாம் போனபிறகு மிச்சம் இருப்பது கரி. அது ஜுவாலை இல்லாமல் கனன்று எரியும், அதுதான் கங்கு. வெளியே வந்த வாயுவுக்குப் போதுமான காற்றும் சூடும் கிடைக்காவிட்டால் அது எரியாமல் தப்பித்துப் போகும். அதுக்குத்தான் புகைன்னு பேர். நெருப்பில்லாமல் புகையாதுன்னு பழமொழி சொல்லுவாங்க. அடுப்படியில் நிற்கிறவளைக் கேட்டால், நெருப்பு பத்தாததால்தான் புகையுதுன்னு சொல்லுவா. ஊதுகுழல் எதுக்கு இருக்கு? காற்று கொடுக்கத்தான். நெஞ்சுக் காற்றைக் கொடுத்துப் புகையை வாங்கிக்கொள்கிறாள், அவ்வளவுதான் வியாபாரம்.

ஈர விறகு ஏன் மோசம் என்பதும் இதிலேயே வந்துவிடும். அப்போதுதான் வெட்டிய கட்டையில் எடைக்குப் பாதி வரை தண்ணீர் இருக்கும். காயப்போட்டால் நூற்றுக்குப் பதினைந்து, இருபது என்று இறங்கும். நன்றாகக் காய்ந்த விறகு கிலோவுக்கு சுமார் 4,000 கலோரி சூடு கொடுக்கும் (பெரிய கலோரி, கிலோ கலோரி என்று புத்தகத்தில் போடுவார்கள்). ஈரக்கட்டை ஒரு கிலோ என்றால் அதில் கட்டை அரைக் கிலோதான். அந்த அரைக் கிலோ கொடுக்கிற சூட்டிலும் ஒரு பங்கு மிச்ச அரைக் கிலோ தண்ணீரைக் கொதிக்க வைப்பதற்கே போகும். ஐப்பசி கார்த்திகையில் எங்கள் வீட்டுப் பொம்பளைகள் ஏன் எரிச்சலாக இருக்கிறார்கள் என்று நான் ரொம்ப நாள் யோசித்ததே இல்லை.

சரி, என் அம்மா கதைக்கு வருகிறேன்.

அம்மா 2006-இல் இறந்தார்கள். கடைசி நாலு வருசம் மூச்சு வாங்கும். மச்சு வீட்டுப் படி ஏற முடியாது, பிறகு வாசல்படி ஏற முடியாது, பிறகு படுத்தால் தூங்க முடியாது. உட்கார்ந்தே தூங்குவார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது டாக்டர் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா பீடி, சுருட்டு ஏதும் குடிப்பாங்களா?"ன்னு கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. என் அம்மா வெற்றிலை கூடப் போட்டதில்லை. அவர் அமைதியாக, "அப்ப எத்தனை வருசமா விறகடுப்பு?"ன்னார். எட்டு வயசுல ஆரம்பிச்சதுன்னு அம்மாவே சொன்னாங்க. டாக்டர் எழுதிக்கொண்டார். என்னிடம் வேறு எதுவும் பேசவில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு ஒன்று பிற்பாடு படித்தேன். வீட்டுக்குள் விறகு, வறட்டி, கரி, மண்ணெண்ணெய் எரிக்கிற புகையால் 2020-இல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் செத்திருக்கிறார்கள். சண்டையில் செத்தால் பேப்பரில் போடுவார்கள்.

எண்பதுகளில் அரசாங்கம் புகையில்லா அடுப்பு போட்டுக்கொடுத்தது. எங்கள் வீட்டிலும் வந்து ஒன்று கட்டினார்கள். யோசனை நல்ல யோசனை. அடுப்புக்குப் பின்னால் ஒரு குழாய், அது கூரைக்கு மேலே போய் புகையை வெளியே விடும். ஆறு மாசம் நன்றாக ஓடியது. பிறகு குழாயில் கரி அடைத்துக்கொண்டது. சுத்தம் பண்ண யார் வருவா? கட்டிக்கொடுத்தவர்கள் திரும்பி வரவில்லை. அடுப்பு வாயும் சின்னது. கட்டையைச் சிறிசாக வெட்ட வேண்டும். வெட்ட வேண்டியது நாங்கள், ஆம்பளைகள். அம்மா நாலு தடவை சொன்னார்கள். நாங்கள் வெட்டவில்லை. குழாயை எடுத்துவிட்டுப் பழையபடி ஆக்கினார்கள். அடுப்பு தோற்றுப்போச்சுன்னு எல்லோரும் சொன்னோம்.

2007-இல் தமிழ்நாட்டில் இலவச கேஸ் அடுப்புத் திட்டம் வந்தது. எங்கள் ஊருக்கு வந்து சேர இரண்டு வருசம் ஆனது. அம்மாவுக்குத் தான் கொடுத்துவைக்கவில்லை. என் வீட்டுக்காரி அன்றைக்கு அடுப்புக்குப் பொட்டு வைத்தாள். அதற்கப்புறம் நான் என்ன செய்தேன் தெரியுமா? டீக்கடையில் உட்கார்ந்து, "எங்க வீட்ல ஒரு சிலிண்டர் ஏழு மாசம் வரும்ல!"ன்னு பெருமை பேசினேன். பக்கத்தில் இருந்தவன், "எங்க வீட்ல எட்டு"ன்னான். ஊரில் இதற்கு ஒரு போட்டியே நடந்தது. அவசரத்துக்கு டீ போட, மழைக்கு, விருந்தாள் வந்தா, இதுக்கு மட்டும் கேஸ். மத்ததுக்கெல்லாம் விறகு. ஏன்னா விறகு சும்மா கிடைக்குது.

சும்மா கிடைக்குதா? இந்தக் கணக்கை நான் போன மாசம்தான் போட்டேன். நோட்டில் பென்சிலால் போட்டது, நீங்களும் சரிபாருங்கள்.

கேஸ் கிலோவுக்குச் சுமார் 11,000 கலோரி. நல்ல அடுப்பில் நூற்றுக்கு அறுபது பங்காவது பாத்திரத்துக்குள் போகும். ஆக 6,600. விறகு கிலோவுக்கு 4,000. ஆனால் எங்கள் மண் அடுப்பில் பாத்திரத்துக்குப் போவது நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்துதான். மிச்சம் சுவருக்கும், கூரைக்கும், சமைக்கிறவள் முகத்துக்கும் போகும். தாராளமாகப் பதினைந்தே வைத்தாலும் 600. அப்படியென்றால் ஒரு கிலோ கேஸ் செய்கிற வேலையைச் செய்ய 11 கிலோ விறகு வேண்டும். சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. பெருக்கினால் 156 கிலோ விறகு. எங்கள் பக்கத்து விறகுக்கடையில் கிலோ 6 ரூபாய். ஆக 936 ரூபாய். டெலிவரிப் பையனுக்குக் கொடுப்பதையும் சேர்த்து சிலிண்டருக்கு நான் கொடுப்பதும் கிட்டத்தட்ட அதுதான்!

ரெண்டும் ஒரே விலை. பிறகு எப்படி விறகு மலிவு? கடையில் வாங்கினால் மலிவு இல்லை. என் வீட்டுக்காரி அரிவாளை எடுத்துக்கொண்டு கண்மாய்க்கரைக்குப் போய், முள்ளைக் கழித்து, வெட்டி, கட்டி, தலையில் சுமந்து, உடைத்து, காயவைத்து, மழை வந்தால் ஓடிப்போய் மூடி வைப்பதால்தான் மலிவு. ஒரு கட்டு இருபது கிலோ வரும். 156 கிலோவுக்கு எட்டு நடை. எட்டு அரைநாள். நாலு நாள் கூலியைக் கணக்கில் சேர்த்தால் விறகு கேஸை விட விலை கூடுதல். அந்தக் கூலியை யாரும் கொடுக்காததால் சும்மான்னு பேர் வந்துச்சு. முப்பது வருசம் விவசாயம் பார்த்து, உழவுக்கூலி, களையெடுப்புக்கூலி எல்லாம் நோட்டில் எழுதுகிற நான், இதை ஒரு நாளும் எழுதியதில்லை.

இன்னொரு கணக்கும் போட்டேன். அதைப் போட்டிருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது. நாள் முழுக்க கேஸிலேயே சமைத்தால் வருசத்துக்கு மூணு சிலிண்டர் கூடுதலாக ஆகும். மூவாயிரம் ரூபாய்க்குள். டீக்கடையில் காலையும் மாலையும் டீ, ஒரு வடை, நாளைக்கு முப்பது ரூபாய் எனக்கு. வருசத்துக்கு 10,950.

எங்க அப்பா கரிமூட்டம் போட்டவர். எரிபொருளைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவரிடம் கற்றதுதான். விவசாயம் பொய்த்த வருசங்களில் எங்கள் பக்கம் பல குடும்பங்களைக் காப்பாற்றியது கரிமூட்டம். கட்டைகளைக் குவியலாக நெருக்கி அடுக்கி, மேலே வைக்கோல், இலைதழை பரப்பி, அதற்கு மேல் மண்ணைக் குழைத்துப் பூசி மூடிவிடுவார்கள். உச்சியில் தீ வைத்து, அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் விடுவார்கள். தீ வைக்கிறதுதான், ஆனால் எரிய விடக்கூடாது. அதுதான் வித்தை. காற்றை ஒட்டி ஒட்டிக் கொடுத்து, கட்டையில் இருக்கிற தண்ணீரையும் வாயுவையும் மட்டும் வெளியேற்றிவிட்டு கரியை மிச்சம் பிடிக்க வேண்டும்.

முதல் நாள் வெள்ளையாகப் புகை வரும். அது தண்ணீர். பிறகு மஞ்சள் கலந்து, மூக்கை அறுக்கிற மாதிரி கனமாக வரும். கடைசியில் மெலிந்து நீலமாகத் தெரியும். நீலம் கண்டதும் ஓட்டைகளை அடைத்து ஆறவிட வேண்டும். பெரிய மூட்டம் என்றால் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அத்தனை நாளும் அப்பா ராத்திரி அங்கேதான் படுப்பார், பக்கத்தில் ஒரு மண்வெட்டி, ஒரு குடம் தண்ணீர், குழைத்த மண். எங்காவது வெடிப்பு விட்டால் காற்று உள்ளே போய்விடும். ஒரு மணி நேரம் தூங்கிப்போனால் கரி சாம்பலாகிவிடும். ஒரு தடவை அப்படி ஆனது. எந்த வருசம் என்று நினைவில்லை, அந்தத் தீபாவளிக்குப் புதுத்துணி இல்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

நாலைந்து டன் கட்டை போட்டால் ஒரு டன் கரி. பாதிக்கு மேல் சூடு புகையோடு போய்விடும். ஆனால் மிச்சம் நிற்கிற கரி கிலோவுக்கு ஏழாயிரம் கலோரி வரை கொடுக்கும், புகையாது, எடை குறைவு, லாரியில் தூரத்துக்குக் கொண்டுபோகலாம். இஸ்திரிக்கடை, டீக்கடை பாய்லர், கொல்லப்பட்டறை எல்லாம் இதை நம்பித்தான் ஓடின. உலக யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது பஸ்ஸே கரியில் ஓடியது. பஸ்ஸோடு ஒரு உருளையை மாட்டி, அதில் கரியைப் போட்டு அரைகுறையாக எரித்து, வருகிற வாயுவை இன்ஜினுக்குக் கொடுப்பார்கள். நம்ம மதுரை டி.வி.எஸ். கம்பெனி அந்த உருளைகளைச் செய்து விற்றது. மேட்டில் ஏற மாட்டேன் என்று நிற்குமாம், எல்லோரும் இறங்கித் தள்ளுவார்களாம். எங்க ஐயா சொல்லிக் கேட்டது.

அந்த வாயுவில் எரிகிற சரக்கு கார்பன் மோனாக்சைடு. கரியைப் பற்றி நகரத்து ஆட்களிடம் நான் கட்டாயம் சொல்ல வேண்டியது இதுதான். புகையவில்லை என்பதால் கரி சாது என்று நினைத்துவிடாதீர்கள். கொடைக்கானல், ஊட்டிக்குப் போய், கறி சுட்ட கரியடுப்பைக் குளிருக்கு இதமாக ரூமுக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்று அடிக்கடி செய்தி வருகிறது. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, கண் எரியாது. தலை வலிக்கும், கிறுகிறுக்கும், தூக்கம் வரும். தூங்கினால் முடிந்தது. விறகுப் புகையாவது இருமலைக் கொடுத்து எழுப்பிவிடும்.

மண்ணெண்ணெய் காலம் பற்றி நிறையச் சொல்வதற்கில்லை. ரேஷனில் நீலமாக ஊற்றுவார்கள், திரி ஸ்டவ் நாறும், பம்ப் ஸ்டவ் சத்தம் போடும். பம்ப் ஸ்டவ் வெடித்துச் செத்த மருமகள்கள் கதை எல்லா ஊரிலும் உண்டு. எல்லாமே ஸ்டவ்வின் குற்றம் இல்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். சென்னையில் அறுபது வயசு தாண்டியவர்களுக்கு லெக்கோ கரி நினைவிருக்கலாம். அது நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியிலிருந்து செய்தது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்ததில்தான் அந்தக் கதை ஆரம்பம். நாமும் தான் கிணறு வெட்டுகிறோம், உப்புத்தண்ணிதான் வருகிறது.

இப்போது என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சிலருக்குப் பிடிக்காது.

விறகடுப்புச் சமையல் உடம்புக்கு நல்லது என்று பேசுவதை நிறுத்துங்கள். சென்னையில் 'விறகு அடுப்பு பிரியாணி' போர்டு பார்த்தேன். ருசி இல்லை என்று சொல்லவில்லை. தணலில் சுட்ட கத்திரிக்காய்க்கும் கருவாட்டுக்கும் புகைவாசம் ஏறும், உண்மைதான். தம் போடும்போது மூடிமேல் கங்கை வைத்தால் மேலிருந்தும் சூடு இறங்கும், அதுவும் உண்மை. ஆனால் மூடி வைத்துக் கொதிக்கிற குழம்புக்குள் விறகின் ருசி எங்கே போய் ஏறும்? நீங்கள் ருசித்தது மண்சட்டி, நாட்டுக்கோழி, அம்மியில் அரைத்த மசாலா, அவசரமில்லாத நேரம். இதையெல்லாம் கேஸ் அடுப்பிலேயே வைத்துப் பாருங்கள், முக்கால்வாசி வந்துவிடும். மிச்சம் கால்வாசிக்காக ஒருத்தி நுரையீரலைக் கொடுக்க வேண்டுமா?

எதிர்ப்பக்க நியாயமும் எனக்குத் தெரியும். கேஸில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. அங்கே சண்டை வந்தால் இங்கே அடுப்பு ஆடும். விறகு நம்ம மண்ணில் முளைக்கிறது, வெட்ட வெட்டத் தழைக்கிறது. நான் விறகே வேண்டாம் என்று சொல்லவில்லை. எதை எங்கே எரிப்பது என்பதுதான் கேள்வி. காளவாசலுக்கும், உயரமான புகைபோக்கி வைத்த பாய்லருக்கும், கருவேலங்கட்டையில் கரண்ட் எடுக்கிற ஆலைக்கும் விறகு போகட்டும். ரைஸ்மில்லில் உமியை எரிக்கிறார்கள், வெல்லம் காய்ச்சுகிற ஆலையில் கரும்புச் சக்கையை எரிக்கிறார்கள், மானாமதுரையில் கடம் சுடுகிற சூளைக்கு விறகும் வைக்கோலும் வேண்டும். அதெல்லாம் சரியான இடம். எட்டுக்கு எட்டு அடுப்படியில், சன்னல் இல்லாத இடத்தில், குனிந்து ஊதுகிறவள் முகத்துக்கு நேரே எரிப்பதுதான் தப்பான இடம். நெல் அவிக்க, விசேஷத்துக்குச் சமைக்க விறகு வேண்டும் என்றால் வெளியே திறந்த இடத்தில், காய்ந்த கட்டையில், ஆம்பளை நின்று எரிக்கட்டும். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். மாட்டுக்குக் கூழ் காய்ச்சுவதும் என் வேலை. பழக்கமில்லாததால் கை சுட்டுக்கொண்டேன், வீட்டுக்காரி சிரித்தாள்.

சாண எரிவாயுவை ஏன் விட்டோம் என்பது எனக்குத் தீராத வருத்தம். வறட்டியாக எரித்தால் மண்ணுக்குப் போக வேண்டிய தழைச்சத்து புகையாய்ப் போய்விடும். கலத்தில் போட்டால் அடுப்புக்கு வாயுவும் கிடைக்கும், வயலுக்கு எருவும் கிடைக்கும். ஒரு கன மீட்டர் கலத்துக்கு நாளைக்கு 25 கிலோ சாணம் வேண்டும், அதே அளவு தண்ணீர் வேண்டும். அப்பா காலத்தில் ஆறு உருப்படி நின்றது, கலம் கட்டித்தரச் சொல்லிக் கேட்க ஆள் இல்லை. இப்போது இரண்டு மாடுதான், கோடையில் குடிக்கவே தண்ணீர் இல்லை. அடுப்படிக் கழிவையும் சேர்த்துப் போட்டால் ஓட்டலாம் என்று ஒருவர் சொன்னார். பார்க்கணும்.

சிலிண்டரைக் கொடுத்துவிட்டோம், புகை ஒழிந்தது என்று மேலே இருப்பவர்கள் சொல்வதும் பாதி உண்மைதான். அடுப்பு வீட்டில் இருப்பது ஒன்று, அதில் தினமும் தீ எரிவது இன்னொன்று. கூலி வேலைக்குப் போகிறவன் ஒரே நாளில் ஆயிரம் ரூபாய்க்குப் பக்கம் எடுத்துவைக்க முடியாது. ஐந்து கிலோ சின்ன சிலிண்டர் ரேஷன் அரிசி மாதிரி ஊருக்குள்ளேயே எளிதில் கிடைத்தால் பாதிப்பேர் விறகை விட்டுவிடுவார்கள். எங்களுக்கு வண்டி ஊருக்குள் வருவது மாசம் இரண்டு தடவைதான். மற்ற நாளில் மெயின்ரோட்டில் போய் நின்று, சைக்கிளில் கட்டி எடுத்துவர வேண்டும். ஏஜென்சியில் கேட்டால் ரோடு சரியில்லை என்கிறார்கள். ரோடு சரியில்லைதான்.

மச்சினன் மகன் ஊருக்குப் போன அன்றைக்குப் புது சிலிண்டர் மாட்டினோம். அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் தேதி எழுதி வைத்தேன், மே 10 என்று. ஜூலை 20-ஆம் தேதி தீர்ந்தது. எழுபத்தோரு நாள். டீக்கடையில் சொன்னேன். எட்டு மாசக்காரன் ஒரு மாதிரி பார்த்தான். வீட்டுக்காரியின் இருமல் முழுக்க நிற்கவில்லை, ராத்திரி படுத்தால் இன்னும் வருது. பகலில் குறைந்திருக்கிறது.

அன்றைக்கே புக் பண்ணிவிட்டேன். நாலு நாள் ஆச்சு, இன்னும் வரவில்லை. மூணு நாளா மறுபடியும் விறகுதான், ஆடிக்காற்றில் புகை வீட்டுக்குள்ளேயே சுற்றுது. காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு மெயின்ரோட்டுக்குப் போகணும்.